கம்பியின் மறுமுனை

பானு அக்காவுக்கு,

இரண்டு கம்ப்யூட்டர்களை இணையம் இல்லாமல் நேராக இணைக்க எனக்கு மூன்று மணி நேரம் இருபது நிமிடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகாது. நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இரண்டையும் இணைக்கும் கம்பிக்குள் எட்டு மெல்லிய இழைகள் இருக்கும். இரண்டு முனையிலும் அவற்றை ஒரே வரிசையில் வைத்து முனையை அழுத்திவிட்டேன். புதிய கம்ப்யூட்டர் என்றால் அது தானே சமாளித்துக்கொள்ளும். பழையது சமாளிக்காது. ஒன்று பேசும் இழை மற்றது கேட்கும் இழையில் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு முனையில் ஆரஞ்சு இழைகள் இருக்கும் இடத்தில் மறுமுனையில் பச்சை இழைகளை வைக்க வேண்டும். நான் வைத்த வரிசையில் இரண்டும் பேசின. இரண்டுக்கும் கேட்கவில்லை. ஒரு முனையை வெட்டி, இழைகளை மாற்றி வைத்ததும் கம்பி செருகும் இடத்தில் உள்ள சின்ன விளக்கு எரிந்தது.

நேற்று ரேஷன் கடை வரிசையில் நீங்கள் கேட்டபோது நான் தலையாட்டினேன். அது சம்மதம் இல்லை. யாராவது நேருக்கு நேர் கேட்டால் எனக்குத் தலை தானாக ஆடிவிடும்.

"ஏட்டி ஜெபா, ஒங்கப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் மாட்டிக் குடுத்தியே, அதே மாதிரி எங்க வீட்டு ஆளுக்கும் ஒண்ணு மாட்டித் தாயேன். மனுசன் கைய ஆட்டி ஆட்டி எதையோ கேக்காரு. தண்ணி கொண்டு போனா மூஞ்சியத் திருப்புதாரு. சோறு கொண்டு போனா தட்டத் தள்ளுதாரு. கடைசில பாத்தா ஃபேனப் போடச் சொல்லிருக்காரு" என்றீர்கள்.

"பேசுத காலத்துல அண்ணாச்சி ஒம் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்திருப்பாராக்கா" என்று நமக்குப் பின்னால் நின்ற பேராச்சி கேட்டாள். வரிசையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

பேராச்சி என் தோளில் கை வைத்து, "மகள்னா இவள மாதிரி இருக்கணும்" என்றாள்.

உங்கள் வீட்டுக்காரர் ஜெயகணேஷ் அண்ணாச்சிக்கு வந்தது என் அப்பாவுக்கு வந்த அதே பக்கவாதம்தான். பேச்சைத் திரும்பப் பெற அவருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நேரில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் வரும்.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு முறை சொல்கிறேன். கீழே முன்பக்கம் ஹனீப் பாயின் எம்பிராய்டரி பட்டறை, நாம் சொல்லும் கார்கானா. மூன்று பெரிய மெஷின்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் எதிரே நிற்பவர் பேசுவது கேட்காது. அதன் பின்னால், ஒரு சுவர் தள்ளி, அப்பாவின் அறை. அதற்கு வாசல் பின் சந்தில். அந்த அறைக்கு நேர் மேலே என் அறை. இரும்புச் சட்டத்தின் மேல் பிளைவுட் போட்ட தரை. ஏணி முன்பக்கச் சந்தில், கல்லியில் இருக்கிறது. நான் அப்பாவிடம் போக ஏணியில் இறங்கி, கல்லியைச் சுற்றி, பின் சந்துக்குள் நுழைய வேண்டும். நாற்பது விநாடி ஆகும். மழையென்றால் ஒரு நிமிடம்.

என் வேலை மேலே. படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை தையல், எந்தப் பக்கம் சாய்வு என்று கம்ப்யூட்டரில் போட்டு பென் டிரைவில் கொடுத்தால், கீழே மெஷின் அதைத் தைக்கும். இயற்பியல் படித்தவளுக்கு இது எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். யாரையும் பார்த்துப் பேச வேண்டாத வேலை என்பதால் எடுத்துக்கொண்டேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஹனீப் பாய் நெட் போடவே விடவில்லை. "நெட்டு போட்டேன்னா நம்ம மயிலு நாளைக்கு சூரத்துல பறக்கும், பேட்டி" என்பார். மகளே, டிசைனைத் திருடிவிடுவார்கள் என்று அர்த்தம்.

அப்பாவின் குரல் உங்களுக்கு நினைவிருக்கும். கல்லி முனையில் நிற்பவருக்கும் கேட்கும். முப்பத்தொரு வருடம் பை தைக்கும் கார்கானாவில் தோல் வெட்டினார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கார்கானாவுக்குள் நின்று பேசுவதுபோலவே பேசினார். "ஏட்டி மூதி, சோத்துல மண்ணையா அள்ளிப் போட்டிருக்க" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பாள். அம்மா போன பிறகு அந்தக் கேள்வி எனக்கு வந்தது. அப்பா யாரையும் அடித்ததில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. யாராவது என் பெயரை உரக்கச் சொன்னாலே எனக்குப் பயம். காலேஜில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட அப்படித்தான். மூன்று வருடம் என் பெயர் வருமுன்பே கையைத் தூக்கிவிடுவேன், முழுப் பெயரையும் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விடட்டும் என்று.

போன மார்ச்சில் அப்பா கார்கானாவில் விழுந்தார். வலப்பக்கம் போனது. நாக்கும் போனது. மூளைக்கு எல்லாம் புரிகிறது, வாயும் தொண்டையும்தான் ஒத்துழைக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் அண்ணன் முகேஷ் வடாலாவிலிருந்து வந்து கட்டிலைப் போட்டுக் கொடுத்துவிட்டு அழுதான். நானும் அழுதேன். அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தான் அண்ணன். அவர் விரல் படுவதே அதன் திரைக்குத் தெரியவில்லை. தோலும் பசையும் அவர் விரல் நுனிகளை மரக்கட்டையாக்கியிருந்தன. ரேஷன் கடை மெஷினும் அவர் ரேகையை எடுக்காது. அழுத்தினால் கீழே போகிற கட்டைகள்தான் அவருக்குச் சரிப்படும் என்று எனக்குத் தோன்றியது. பழைய சாமான் எடுப்பவரிடமிருந்து ஒரு கம்ப்யூட்டரை ஹனீப் பாய் வாங்கித் தந்தார். கீபோர்டில் தமிழ் எழுத்துகளைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். என் தரையில் ஒரு ஓட்டை போட்டுக் கம்பியைக் கீழே விட்டேன். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே மாதிரி முகவரி கொடுத்து, கடைசி எண்ணை மட்டும் ஒன்று, இரண்டு என்று மாற்றினேன். ஒன்றில் அடித்தால் மற்றதில் மணி அடித்து எழுத்து வரும்படி சின்ன ப்ரோகிராம் ஒன்று எழுதினேன். நேரமும் பக்கத்தில் பதிவாகும்.

அப்பா முதலில் எழுதியது "தண்ணி". அதற்குப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் கொடுத்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்தபோது இரண்டாவது செய்தி வந்திருந்தது.

"ஏணில பாத்து எறங்கு."

நான் அதை நாலு முறை வாசித்தேன். இருபத்துநாலு வருடத்தில் அப்பா எனக்கு அப்படி எதுவும் சொன்னதில்லை.

அதன்பின் தினமும் எழுதினார். இடது கையில் ஒற்றை விரல். எழுத நேரமாகும் என்பதால் வீணாக எதையும் எழுத மாட்டார். ஒரு நாள் என்ன டிசைன் என்று கேட்டார். மயில் என்றேன். "போன வாரமும் மயிலு. பம்பாய்ல உள்ள மயிலெல்லாம் ஒன் வீட்டுலதான் அடையுதா" என்று வந்தது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மணி. "ஒங்கம்மைக்கு ஒரு மட்டம் மயில் கலர்ல சேல எடுத்தேன். கட்டவே இல்ல. ஏன்னு கேட்டேன். கட்டிட்டு எங்க போகன்னா."

இன்னொரு நாள், "நான் கத்துறது ஒனக்குப் பயமா இருந்துச்சா" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்று அடித்தேன்.

"பொய்" என்று வந்தது. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு, "எனக்கு வேற மாதிரி பேசத் தெரியாது. எங்க அய்யாவும் அப்படித்தான்" என்று வந்தது.

இப்படி ஒரு அப்பா எனக்கு இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறார்.

கீழே போகும்போது வேறு. கட்டிலில் இருப்பவரின் வாயோரம் எச்சில் வழியும். துணி மாற்றும்போது அவர் சுவரைப் பார்ப்பார், நான் துணியைப் பார்ப்பேன். தொண்டையில் ஏதோ சத்தம் எழுப்பப் பார்ப்பார். நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். ஏணி ஏறி வருவதற்குள் மணி அடித்திருக்கும். "கை வலிக்குதா" என்று திரையில் இருக்கும். இல்லப்பா என்று உடனே பதில் எழுதுவேன். கீழே இருந்தவர் ஒரு நோயாளி. அவரை நான் சுத்தமாக வைத்துக்கொண்டேன், ஒரு புண்கூட வரவில்லை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பா மேலே வந்தார், கம்பி வழியாக.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஹாஃபிஸா மேடம் செவ்வாய்க்கிழமைகளில் குர்லாவிலிருந்து வருவார். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் என்னை வெளியே கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லா பண்ணிருக்கே. லேகின் இதையே பழக்கிட்டா அப்பாவோட நாக்கு சோம்பேறி ஆயிரும். ரோஜ், தெனமும் மூணு வாட்டி வாயால பேச வைக்கணும். மொத ஆறு மாசம்தான். அதுக்குள்ள எவ்ளோ வருதோ அதான். அப்புறம் நான் என்ன, யார் வந்தாலும் கஷ்டம். புரியுதா?"

தலையாட்டினேன்.

"பேச்சு வருமா மேடம்?" என்று கேட்டேன்.

"கேரண்டியா வரும். பழைய மாதிரி பராபர் இருக்காது. ஆனா உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. அது போதாதா?"

ஸ்ட்ராவில் ஊதுவது, நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்துவது, ஒன்று இரண்டு எண்ணுவது. மூன்று வாரம் நான் ஒழுங்காகச் செய்ய வைத்தேன். நாலாவது வாரம் ஹாஃபிஸா மேடம் இருக்கும்போது அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஓ" என்று. மேடம் கை தட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். அவர் சந்தோஷமாக இருந்தார், அது தெரிந்தது. அந்தச் சத்தம் கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து, பழைய இடத்திலிருந்து வந்தது. நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலை நான் கம்ப்யூட்டரில் எழுதினேன்: "எப்பா, மேடம் போகும்போது சொன்னாங்க. இப்ப கஷ்டப்பட்டுப் பேசினா தலையில நரம்பு மறுபடி வெடிக்கலாமாம். கொஞ்ச நாள் பேச முயற்சி பண்ண வேண்டாமாம்."

நேரில் என்னால் இதைச் சொல்லியிருக்க முடியாது. எழுதுவது சுலபமாக இருந்தது.

"என்ட்ட ஒண்ணும் சொல்லலியே" என்று வந்தது.

"நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லலையாம்" என்று அடித்தேன்.

"சரி" என்று வந்தது. பத்து நிமிடம் கழித்து, "நீ பயப்படாத" என்று வந்தது.

ஹாஃபிஸா மேடத்துக்குப் போன் செய்து, அப்பாவுக்கு இஷ்டமில்லை, கோபப்படுகிறார், கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிடுகிறேன் என்றேன். அவர் நாலு முறை கூப்பிட்டார். ஒரு முறை நேரில் வந்து கல்லியில் நின்றார். அப்பா தூங்குகிறார் என்று ஏணி மேலிருந்தே சொன்னேன். "டயம் போகுது பேட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனிடம், மேடம் கைவிரித்துவிட்டார் என்றேன். அண்ணன் அதற்கும் அழுதான்.

நான் அப்பாவின் பேச்சைப் பறித்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. குரல் போன பிறகுதான் அவர் பேசவே தொடங்கினார். குரல் திரும்பி வந்தால் அவரும் பழைய ஆளாகத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். எனக்காக மட்டும் இல்லை, அவருக்காகவும்தான் செய்தேன். இதை எனக்கு நானே பல முறை சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஹனீப் பாயும் ஆட்களும் தொழுகைக்குப் போவார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு மெஷின்களை நிறுத்தினால் இரண்டு மணிக்குத்தான் மறுபடி ஓடும். வாரத்தில் அந்த ஒன்றேகால் மணி நேரம் பகலில் எங்கள் வீடு அமைதியாக இருக்கும். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, மெஷின்கள் நின்று கொஞ்ச நேரத்தில், தரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ பாரம் இழுப்பதுபோல இருந்தது. காதைத் தரையில் வைத்தேன்.

"ஒ…ண்ணு. ரெ…ரெண்டு."

அப்பா எண்ணிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஹாஃபிஸா மேடம் விட்ட இடத்திலிருந்து, தனியாக எண்ணிக்கொண்டிருந்தார். மெஷின் ஓடும்போது எத்தனை நாளாக எண்ணினாரோ, எனக்குத் தெரியாது. அன்று மாலை அதைப் பற்றி அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நரம்பு வெடித்துவிடும் என்று நான் பயப்படுவேன் என மறைத்தார் என்று நினைக்கிறேன். முழுதாக வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருக்கலாம். வெடிக்கும் என்று சொன்ன பிறகும் அவர் விடவில்லை. எதற்காக அப்படி முயன்றார் என்பதை நான் யோசிக்காமல் இருந்தேன்.

அடுத்த வெள்ளி இருபது வரை போனார். அதற்கடுத்த வெள்ளி எண்ணவில்லை. ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். முதல் எழுத்து அவருக்கு வரவில்லை. நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்து. "செ… செபா" என்றார். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த நேரத்தில் நூல் வாங்க மாட்டுங்காவுக்குப் போய்விட்டேன். மழையில் நனைந்துகொண்டு போனேன். வீட்டில் தேவையான நூல் இருந்தது.

செப்டம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை என்னால் வெளியே போக முடியவில்லை. ஒரு கல்யாண ஆர்டர். தொழுகை முடிந்து வந்ததும் மெஷினில் ஏற்ற வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டுப் போனார். அன்றைய பதிவு இப்படி இருக்கிறது.

12.41, அப்பா: சாப்ட்டியா

12.42, நான்: இல்லப்பா. ரெண்டு மணிக்குள்ள குடுக்கணும்

12.44, அப்பா: மொதல்ல தின்னு. டிசைன் எங்கயும் ஓடிராது

அதுதான் அவர் கடைசியாக எழுதியது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான் எழுதியவை.

1.06: என்னப்பா வேணும்

1.08: டைப் பண்ணுங்கப்பா

1.13: எப்பா

1.21: கீபோர்டு எட்டலையா

1.30: எழுதுங்கப்பா

1.39: எப்பா

இரண்டு மணிக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கின. நான் டிசைனை முடித்து மேலிருந்தே பென் டிரைவைக் கயிற்றில் இறக்கிக் கொடுத்தேன். நாலு மணிக்குத் தினமும்போல டீ போட்டு எடுத்துக்கொண்டு இறங்கினேன். அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், வலக்கை அடியில் மாட்டிக்கொண்டிருக்க, முகம் தரையில் அழுந்திக் கிடந்தார். டீயைக் கம்ப்யூட்டர் மேஜையில் வைத்தேன். திரையில் நான் எழுதிய ஆறு வரிகளும் இருந்தன.

அண்ணன் அந்தத் திரையை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

"பாருங்கக்கா, எத்தன மட்டம் கேட்டிருக்கா. ஒரு பதில் இல்ல. எட்டலையாப்பான்னுகூடக் கேட்டிருக்கா. அந்த மெசின் சத்தத்துல பாவம் அவளுக்கு என்ன தெரியும்?"

"எழுத முடிஞ்சா எழுதியிருப்பாருல்லா. அழாதட்டி" என்று நீங்கள் என் தலையைத் தடவினீர்கள். ஹனீப் பாய் வாசலில் நின்றார். மெஷின் சத்தம் என்று அண்ணன் சொன்னபோது அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் இன்றுவரை எதுவும் கேட்கவில்லை. கல்யாண ஆர்டருக்குப் பிறகு எனக்கு வேலையும் கொடுக்கவில்லை.

டாக்டர் சான்றிதழ் எழுதும்போது, விழுந்தவுடனே உயிர் போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஜெபக் கூட்டத்தில் அதையே சொல்லி நன்றி சொன்னான். அவனிடமிருந்து அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

பானு அக்கா, ஜெயகணேஷ் அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பழையதை உங்கள் அக்கா மகன் நகுல் வந்து எடுத்துப் போகட்டும். மேலே எழுதியிருப்பதைப் பார்த்து அவனே மாட்டிவிடுவான். என் வீட்டுக் கம்பியை மட்டும் எடுக்க வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஹாஃபிஸா மேடத்தின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இன்றைக்கே கூப்பிடுங்கள். அவர் சொல்வதைத் தினமும் மூன்று வேளை செய்ய வையுங்கள். அண்ணாச்சி கெட்ட வார்த்தையில் திட்டினாலும் திட்டட்டும். அவர் என்ன சொன்னாலும் எழுந்து அவரிடம் போங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஒன்று ஆறுக்கு நான் ஏன் என்ன வேண்டும் என்று கேட்டேன் என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அப்பா எதுவும் எழுதாதபோது, எழுதுங்கள் எழுதுங்கள் என்று நான் ஏன் ஆறு முறை அடித்தேன் என்பதையும் கேட்கவில்லை.

கீழே கனமாக ஏதோ விழுந்தது. பிறகு அவர் கூப்பிட்டார். அதட்டவில்லை, அக்கா. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தவறில்லாமல், "ஜெபா" என்று கூப்பிட்டார். டாக்டர் சொன்னது சரியில்லை. ஒன்று ஆறிலிருந்து ஒன்று முப்பத்தொன்பது வரை, முப்பத்துமூன்று நிமிடம், அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது. அவர் எழுதட்டும் என்று காத்திருந்தேன்.